பாலன் கூட்டுக்கு அள்ளிய பனி

அந்த வருடம் லவால்காரரை எப்படியும் மண் கவ்வ வைப்பது என்று நாங்கள் முடிவெடுத்திருந்தோம். நாங்கள் என்றால் மொன்ட்ரியால் நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் வாடகை வீடுகளில் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், பதினொரு பேர். எனக்குப் பத்து வயது. தலைமை நான்தான். யாரும் என்னைத் தெரிந்தெடுக்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

விஷயம் பாலன் கூடு, இயேசு பாலன் பிறந்த கொட்டில். நத்தாருக்கு முன்வரும் சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் நிலவறை மண்டபத்தில் போட்டி நடக்கும். ஒவ்வொரு பகுதிக் குடும்பங்களும் ஒரு மேசையில் மாட்டுக்கொட்டில் கட்டி, சுரூபங்கள் வைத்து, மேலே ஒரு வால்வெள்ளியைத் தொங்கவிட வேண்டும். ரொக்ஸ்பரோக்காரர் ஏதோ கடமைக்குச் செய்வார்கள். லவால்காரர் அப்படியல்ல. அவர்களுக்குச் சொந்த வீடு, வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட், பேஸ்மென்டில் பெரிய மேசை. ஒக்டோபரிலேயே தொடங்கிவிடுவார்கள். ஒரு வருடம் உண்மையாகவே தண்ணீர் ஓடுகிற ஆறு வைத்தார்கள். அடுத்த வருடம் பெத்லகேமைச் சுற்றி மின்சார ரயில் ஓடியது. பெத்லகேமில் ஏது ரயில் என்று நான் நடுவரிடமே போய்க் கேட்டேன். கோப்பை அவர்களுக்குக் கிடைத்தது, எனக்கு வாய்க்காரி என்ற பெயர் கிடைத்தது.

எங்களிடம் பெருமைப்பட இருந்தவை சுரூபங்கள் மட்டும்தான். எங்கள் பகுதிக்குத் தலைவராக இருந்தவரைத் தலைவர் அங்கிள் என்போம். அவர் மன்னாரிலிருந்து சேலைத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தவை அவை. சூசையப்பருக்கு ஒரு விரல் இல்லை, ஆடொன்றுக்குக் காது இல்லை, ஆனாலும் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கொட்டிலை நானும் அண்ணையும் வாழைப்பழப் பெட்டி மட்டையில் வெட்டி ஒட்டினோம். குறை ஒன்றே ஒன்றுதான், பனி. பெத்லகேமில் பனி பெய்ததா என்று கேட்காதீர்கள். ரயில் ஓடிய ஊரில் பனி பெய்தால் என்ன? வெளியே ஆளுயரத்துக்குப் பனி சும்மா குவிந்து கிடந்தது. அதை உள்ளே கொண்டுவந்தால் பத்து நிமிடத்தில் பாலன் தண்ணீரில் மிதப்பார். மருந்துக்கடைப் பஞ்சை விரித்துப் பார்த்தோம். மாட்டுக்கொட்டிலுக்குக் காயம் பட்டுக் கட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

பனி கிடைத்த இடம் ஒரு பழைய சலவைத் தொழிற்சாலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை ஒருகாலத்தில் அங்கேதான் மூட்டை மூட்டையாகத் துவைத்தார்களாம். நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில், யன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தபடி கிடந்தது. உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பிரெஞ்சில் எழுதியிருந்தது. பதினாலு வயது அண்ணை பள்ளிக்கூடம் முடிந்ததும் இரண்டு சிநேகிதர்களோடு அங்கே போய்வருவது எனக்குத் தெரியும். அவருடைய சப்பாத்தில் வெள்ளைத் தூள் படிந்திருக்கும். "என்னையும் கூட்டிக்கொண்டு போகாட்டி அம்மாட்டைச் சொல்லுவன்" என்றேன். அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டிப்போனார்.

பின்பக்கம் ஒரு தாழ்ந்த யன்னலில் பலகை ஒற்றை ஆணியில் தொங்கியது. அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே குதித்தோம். பெரிய பெரிய உருளை யந்திரங்கள் துருப்பிடித்து வரிசையாக நின்றன. தலைக்கு மேலே எங்கே பார்த்தாலும் குழாய்கள். நீராவி போன குழாய்களாம், ஒவ்வொன்றும் என் இடுப்பளவு பருமன், எல்லாவற்றுக்கும் துணி சுற்றியிருந்தது. துணி கிழிந்த இடங்களில் வெள்ளையாக என்னவோ பிதுங்கிக்கொண்டு நின்றது. ஓரிடத்தில் ஒரு குழாயே இற்று விழுந்து, அந்த வெள்ளை தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தது. கையில் அள்ளிப் பார்த்தேன். மாவும் பஞ்சும் கலந்த மாதிரி இருந்தது. நனையவில்லை, கரையவில்லை. பலகை இடுக்கால் வந்த வெயிலில் அதன் தூள் மினுங்கிக்கொண்டு மிதந்தது.

"அண்ணை, பனி!" என்று கத்தினேன்.

இப்போதும் சொல்கிறேன், அதைவிட அழகான பனியை நான் எந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னாலும் பார்த்ததில்லை. டெப்பனர் கடையில் பால் வாங்கிய இரண்டு பைகள் என் சட்டைப்பையில் இருந்தன. இரண்டையும் நிறைத்தோம். குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்ததை அண்ணை ஒரு கம்பியால் தட்டித் தட்டி உதிர்த்தார், நான் கீழே நின்று பையை விரித்துப் பிடித்தேன். பைகள் நிறைந்த பிறகும் போக மனம் வரவில்லை. ஒரு பிடி எடுத்து அண்ணையின் முகத்துக்கு எறிந்தேன். அவர் இரண்டு கையாலும் அள்ளி என் தலையில் கொட்டினார். வெளியே எறிகிற பனி குளிரும், கன்னத்தில் பட்டால் நோகும். இது நோகவில்லை. இருமி இருமிச் சிரித்தோம்.

அம்மாவைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அம்மா ஒஃபிசில் வேலை செய்கிறார் என்றுதான் அப்பா எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எந்த ஒஃபிஸ் என்று யாராவது கேட்டால் அப்பாவுக்கு உடனே வேறேதோ அவசர வேலை ஞாபகம் வந்துவிடும். அம்மா விடியுமுன் போய், பின்னேரம் தலை ஈரத்தோடு வருவார், மைனஸ் இருபதிலும் அப்படித்தான். அம்மாவின் ஒஃபிசில் நீச்சல் குளம் இருக்கிறது என்று நான் வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன். அதை யாரும் மறுக்காததால் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போட்டி நாளும் அம்மாவுக்கு வேலை. அவர் வருமுன்பே மண்டபத்தில் பாதிக் கூட்டம் எங்கள் மேசையைச் சுற்றி நின்றது. கொட்டில் கூரையில், மரங்களில், ஆடுகளின் முதுகில், எங்கும் பனி. போதாததற்கு, பனி லேசாகப் பறக்க வேண்டும் என்று ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டிருந்தேன். அது முழுக்க என் மூளை. என் வயது லவால் பெண்ணொருத்தி வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எந்தக் கடையில் வாங்கினது என்று பிரெஞ்சில் கேட்டாள். சொல்ல மாட்டேன் என்றேன். தலைவர் அங்கிள் என் தலையைத் தடவி, "இந்தமுறை கோப்பை எங்களுக்குத்தான்" என்றார். சின்னப் பிள்ளைகள் மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு பனியை ஊதி ஊதி விளையாடினார்கள். தலைவர் அங்கிளின் பேரனுக்கு இரண்டு வயது, அவன் ஒரு பிடி எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான்.

அம்மா வேலையிலிருந்து நேரே வந்தார். சிரித்துக்கொண்டு வந்தவர் மேசைக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டார்.

"பிள்ளை, உது என்ன?"

"பனி."

"எங்கை எடுத்தனீ?"

"கடையிலை," என்றேன்.

அம்மா அண்ணையைப் பார்த்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார். அம்மா குனிந்து மின்விசிறியின் வயரைப் பிடுங்கினார். பிறகு அவர் போட்ட சத்தம் போல ஒன்றை நான் அதற்கு முன் அம்மாவிடம் கேட்டதில்லை.

"ஒருத்தரும் தொடாதைங்கோ! பிள்ளையளை வெளியாலை கொண்டு போங்கோ. ஓடவேண்டாம், மெதுவா நடந்து போங்கோ!"

"என்ன தங்கச்சி, என்ன நடந்தது?" என்று தலைவர் அங்கிள் வந்தார்.

"உது அஸ்பெஸ்டஸ், அண்ணை."

தலைவர் அங்கிள் சிரித்தார். "அதுக்கே இந்தச் சத்தம்? ஊரிலை என்ரை வீட்டுக் கூரையே அஸ்பெஸ்டஸ்தான். கிடுகைப் பிரிச்சுப்போட்டு அதைப் போட்ட அண்டைக்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு வீடு மந்திரிச்சு, விருந்தும் வைச்சனாங்கள். என்ரை நாலு பிள்ளையளும் அதுக்குக் கீழைதான் வளந்ததுகள்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்கு அஸ்பெஸ்டஸ் என்றால் கூரை, ஓலைக் கொட்டிலிலிருந்து ஒரு படி ஏறிவிட்டோம் என்பதற்கு ஊரறியச் சாட்சி. அதைக் கண்டு ஒருத்தி அலறுவது, செங்கல்லைக் கண்டு அலறுவது மாதிரித்தான் அவர்களுக்குப் பட்டிருக்கும். அந்தப் பொருளைத் தோண்டி எடுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்பிய மாகாணத்தில்தான் நாங்கள் எல்லாரும் அப்போது நின்றுகொண்டிருந்தோம் என்பது அம்மா உட்பட ஒருவருக்கும் தெரியாது.

"கூரையிலை சீமெந்தோடை இறுகிக் கிடக்கிறது வேறை. அதையும் உடைக்கக்கூடாது," என்றார் அம்மா. "இது பைப்பிலை சுத்துறது, அண்ணை. தொட்டாலே உதிரும். உதிருறது கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடை உள்ளை போனா அங்கையே குத்திக்கொண்டு கிடக்கும். வெளியிலை வராது."

"உமக்கு ஆர் உதெல்லாம் சொன்னது? ஒஃபிசிலையோ?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவர் ஓரமாக நின்றார். சொல்லாதே என்பது போலத் தலையை மெல்ல ஆட்டினார். மண்டபம் முழுக்க அதைப் பார்த்தது.

"நான் ஒஃபிசிலை வேலை செய்யேல்லை," என்றார் அம்மா. "பழைய கட்டிடங்களுக்குள்ளை போய் உதைக் கழட்டி அள்ளி மூட்டை கட்டுறதுதான் என்ரை வேலை. ஆறு வருசமாச் செய்யிறன். இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. விலகுங்கோ."

சமையலறைக்குள் போய், மேசை துடைக்கிற தெளிப்பானில் தண்ணீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்துகொண்டு வந்தார். கழுத்துச் சால்வையை நனைத்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டார். அவர் தண்ணீரை ஊற்றவில்லை. ஊற்றினால் தூள் கிளம்பும், தெளித்துத்தான் அடக்க வேண்டும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். பொறுமையாக, ஓரத்திலிருந்து தொடங்கி, பூக்கன்றுக்குத் தெளிப்பது போலத் தெளித்தார். என் பனி கஞ்சியாகிக் கூரையிலிருந்து வழிந்தது. மாதாவின் நீல முக்காட்டில் நுரை இறங்கியது. பாலன் முகமும் சவர்க்காரமானது.

"தங்கச்சி! அது மந்திரிச்ச சுரூபம்!" தலைவர் அங்கிளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"பாலனைப் பேந்து கழுவித் தாறன், அண்ணை. முதல் உங்கடை பேரனை வெளியாலை தூக்கிக்கொண்டு போங்கோ. அவன்ரை உடுப்பைக் கழட்டி, தலையைக் கழுவுங்கோ."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பங்குச் சுவாமியார் அந்தப் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள். நான் மட்டும் மேசைக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். போக மாட்டேன் என்றேன். என்னை என்ன செய்தாலும் போக மாட்டேன் என்றேன். அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நான் போட்டிருந்தது அந்தக் குளிருக்கு வாங்கிய புத்தம் புதிய ஊதா ஜக்கெற், அதைப் போட்டுக்கொண்டுதான் சலவைச்சாலைக்கும் போயிருந்தேன். அதைக் கழற்றி, என் கண் முன்னாலேயே கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு, பையை முடிந்து, இன்னொரு பைக்குள் போட்டு முடிந்தார். லவால் பெண் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

போட்டி நடக்கவில்லை. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து மூன்று நாள் மண்டபத்தைத் துடைத்தார்கள். அவர்களில் ஒருவர் அம்மா. பின்வாசல் இருந்தது, அந்த வழியாகப் போயிருக்கலாம். அம்மா ஞாயிறு பூசைக்கு எல்லாரும் வந்து இறங்கும் நேரம் பார்த்து, அந்த வெள்ளை உடுப்போடு, முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, முன்வாசலால்தான் உள்ளே போனார். வணக்கம் சொன்னவர்களுக்கு வணக்கம் சொன்னார். சொல்லாதவர்களுக்கும் சொன்னார்.

வீட்டில் அப்பா அம்மாவோடு கதைப்பதை நிறுத்தினார். அவரால் கோயிலில் தலை நிமிர்த்த முடியவில்லையாம். எனக்குக் கோப்பையும் போய், ஜக்கெற்றும் போய், மானமும் போயிருந்ததால் நானும் நிறுத்தினேன். அண்ணை ஒருவர்தான் பயத்தில் ஒழுங்காகக் கதைத்தார். எங்கே எடுத்தீர்கள் என்று அம்மா எங்கள் இருவரையும் கேட்டுக் கேட்டுக் களைத்தார். அண்ணை சிநேகிதர்களுக்குச் சத்தியம் செய்திருந்தார். நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை, அம்மா கேட்கிறார் என்பதற்காகவே சொல்லவில்லை. அம்மா பிறகு எங்களைக் கேட்கவில்லை. நத்தார் விடுமுறையில் தனியே, முழங்காலளவு பனியில், அந்தப் பகுதியில் பூட்டிக் கிடந்த கட்டடங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்து, ஒற்றை ஆணியில் தொங்கிய பலகையைக் கண்டுபிடித்தார். அன்றைக்கே சுத்தியலும் ஆணியும் கொண்டுபோய் அடித்துவிட்டுத்தான் நகரசபைக்கு அறிவித்தார். அண்ணையின் சிநேகிதர்களுடைய வீடுகளுக்கும் போய்த் தாய்மாரைக் கண்டு, அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னார். அண்ணையை அவர்கள் அந்த வருடம் முழுக்க விளையாட்டில் சேர்க்கவில்லை.

தை மாதம் என்னை டொக்டரிடம் கூட்டிப்போனார். அண்ணைக்கு முந்தின கிழமையே பார்த்தாகிவிட்டது. அம்மாவின் பிரெஞ்சு வேலைத்தளத்துப் பிரெஞ்சு, தூக்கு, இறக்கு, கவனம் என்பதற்கெல்லாம் போதும். டொக்டரிடம் போனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவோடு கதைப்பதில்லை என்ற என் சபதம் அப்போது நாலாவது கிழமையில் இருந்தது. மொழிபெயர்ப்பது கதைப்பதாகாது என்று பஸ்ஸில் வரும்போதே எனக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

டொக்டர் என் முதுகில் குழாய் வைத்து மூச்சை இழு, விடு என்றார். நகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு முறை என்பதால் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை, ஆபத்து மிகவும் குறைவு, இனிமேல் அப்படியான கட்டடங்களுக்குள் போகவே கூடாது, வளர்ந்த பிறகு சிகரெட்டைத் தொடக்கூடாது என்றார். இது இப்போது பரிசோதித்துக் கண்டுபிடிக்கக்கூடியதும் அல்ல, வருவதென்றால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் வரும் என்றார். முப்பது வருடம் என்பது எனக்கு ஒரு காலமாகவே படவில்லை. நான் அம்மாவின் பக்கம் திரும்பி, "எனக்கு ஒண்டுமில்லையாம். நீங்கள் சும்மா கத்தினீங்களாம்" என்று மொழிபெயர்த்தேன்.

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் அம்மா. ஆனாலும் அவருடைய தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன்.

அது அஸ்பெஸ்டஸ் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று டொக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மா தன் வேலையைத் தானே பிரெஞ்சில் சொன்னார். எத்தனை வருடம் என்று டொக்டர் கேட்டார். ஆறு என்று அதையும் அம்மாவே சொன்னார். டொக்டர் என் ஃபைலை மூடிவிட்டு, வெறும் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நீளமாக ஒரு கேள்வி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார்.

"வேலை துடங்கின நாளிலையிருந்து சரியான முகமூடி, உடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் தந்தவையோ எண்டு கேக்கிறார்."

அம்மா குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார். "முதல் ரெண்டு வருசம் வேறை முதலாளி. அவன் ஒண்டும் தரேல்லை. கடதாசி முகமூடிதான். அதையும் கழுவிக் கழுவிப் போட்டனான். வீட்டை வந்துதான் குளிச்சனான்."

நான் டொக்டரின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலைப் பிடித்தார்.

"உதைச் சொல்லாதை. ஓம், எல்லாம் தந்தவை எண்டு சொல்லு. எழுதிப்போட்டாரெண்டா பேந்து என்னை வேலைக்கு எடுக்காயினம்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நூறு பேருக்கு முன்னால் உண்மை சொல்லி என்னை நாறடித்த அம்மா, பொய் சொல்லச் சொல்லி என்னிடம் கெஞ்சுகிறார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரலில், ஓம், முதல் நாளிலிருந்தே எல்லாம் கொடுத்தார்கள் என்று நல்ல பிரெஞ்சில் சொன்னேன். டொக்டர் அதைக் கேட்டுவிட்டு, அந்தத் தாளில் ஒன்றும் எழுதாமல் பேனையை மூடினார்.

வென்றவள் நான் என்பதால் சபதத்தை நானே முறித்தேன். பஸ்ஸில் வீடு வரும்வரை ஓயாமல் கதைத்தேன். அடுத்த வருடம் பாலன் கூட்டுக்கு என்ன செய்யலாம், லவால் பெண்ணுக்கு என்ன சொல்லலாம், புது ஜக்கெற் என்ன நிறத்தில் வேண்டும், எல்லாம் சொன்னேன். அம்மா யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். டொக்டர் பார்க்க வேண்டியிருந்த ஆள் நான் மட்டும்தான் என்றே அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.